பன்னிரண்டு இரவு, நான்கு ஊர்: காங்கயத்துக் குடும்பம் ஒன்றின் முதல் வெளிநாட்டுப் பயணத் திட்டம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

காங்கயத்தில் அரிசி ஆலை நடத்தும் என் மைத்துனர், தம் மனைவி, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த மகள், அறுபத்தெட்டு வயதான தாயார் ஆகியோருடன் 2024 ஏப்ரல் 21 முதல் மே 5 வரை இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகிய மூன்று நாடுகளுக்குச் சென்று திரும்பினார். நால்வருக்கும் அதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் நான் ஆண்டுக்கு ஓரிரு முறை ஐரோப்பா போய்வருபவன் என்பதால், திட்டம் போடும் பொறுப்பு கேட்காமலே என் தலையில் விழுந்தது. நான் உடன் செல்லவில்லை. புறப்படும் முன் போட்ட மூன்று வரைவுகளையும், பயணத்தில் மைத்துனரின் மகள் கணக்கு நோட்டு ஒன்றில் நாள்தோறும் எழுதிவந்த குறிப்புகளையும் அருகருகே வைத்து, எது திட்டப்படி நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்ப்பதே இந்த ஆய்வு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வியாபார வேலையாகப் போகிறவனுக்குத் தெரிந்த ஐரோப்பா வேறு, குடும்பத்தோடு போகிறவருக்குத் தேவைப்படும் ஐரோப்பா வேறு. ஒரு கைப்பெட்டியுடன் தனியாக ரயில் மாறிப் பழகிய எனக்கு, நான்கு பெட்டிகளும் முழங்கால் வலியும் சேர்ந்தால் ஒரு நடைமேடை மாற்றம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற கணக்கே தொடக்கத்தில் இல்லை.

நாள் குறிப்பதற்கு மூன்று கட்டுகள் இருந்தன. பொதுத்தேர்வு ஏப்ரல் 8இல் முடிந்து, முடிவு மே 10இல் வர இருந்தது. முடிவு வரும் நாளில் மகள் ஊரில் இருந்தாக வேண்டும். ஆலையைப் பதினைந்து நாளுக்கு மேல் கணக்குப்பிள்ளையை நம்பி விட மைத்துனருக்கு மனமில்லை. மூன்றாவது, வைகாசியில் வரும் ஊர் மாரியம்மன் நோம்பி. பூச்சாட்டிக் கம்பம் நட்ட பிறகு ஊரைவிட்டு வெளியே இராத்தங்கக் கூடாது என்பது அந்த வீட்டில் யாரும் மீறாத வழக்கம். ஆகவே ஏப்ரல் பிற்பகுதிக்கும் மே முதல் வாரத்துக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு இரவுகளே கையில் இருந்தன.

முதல் வரைவு: ஒன்பது ஊர்

முதல் வரைவு என்னுடையது அன்று. அப்பாவும் மகளும் சேர்ந்து எழுதிய பட்டியல். ரோம் இரண்டு இரவு, ஃபுளோரன்ஸ் ஒன்று, வெனிஸ் ஒன்று, மிலான் ஒன்று, லூசர்ன் இரண்டு, இன்டர்லாக்கன் ஒன்று, பாரிஸ் இரண்டு, பிரஸ்ஸல்ஸ் ஒன்று, ஆம்ஸ்டர்டாம் ஒன்று என்று பன்னிரண்டு இரவுக்குள் ஒன்பது ஊர்கள் அடங்கியிருந்தன. "அவ்வளவு செலவு பண்ணிப் போறம், வெனிசைப் பாக்காம வரதுங்களா மாமா?" என்று மகள் கேட்டதற்கு உடனே சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதனால் வெனிசையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டோம்.

ஃபுளோரன்சிலிருந்து வெனிசுக்கு அதிவேக ரயிலில் இரண்டேகால் மணி நேரம். பட்டியலில் அந்த இரண்டேகால் மணி மட்டுமே இருந்தது. நடப்பதோ வேறு. காலை எட்டு மணிக்கு நான்கு பெட்டிகளையும் கட்ட வேண்டும். பத்து மணிக்கு விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும். நடைமேடை எண் புறப்படுவதற்குச் சற்று முன்புதான் பலகையில் வரும் என்பதால் அரை மணி நேரம் முன்கூட்டியே நிலையத்தில் நிற்க வேண்டும். வெனிசில் இறங்கியதும் பெட்டிகளுடன் படகு ஏற வேண்டும், அல்லது படிக்கட்டுப் பாலங்களைக் கடக்க வேண்டும். புதிய விடுதியில் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் அறை கிடைக்கும். ரயில் ஓடும் நேரம் இரண்டேகால் மணி, ஊர் மாறும் நேரம் ஆறு மணி. குறைத்து மதிப்பிட்டு ஐந்து மணி என்றே வைத்துக்கொண்டாலும், எட்டு மாற்றங்களுக்கு நாற்பது மணி நேரம் போகிறது. நாளொன்றுக்குச் சுற்றிப்பார்க்கப் பத்து மணி நேரம் என்றால், முழுதாகக் கிடைக்கும் பதினொரு நாளில் நான்கு நாள் பெட்டி தூக்குவதிலேயே கழியும்.

எண்கள் மகளை மௌனமாக்கினவே தவிர, சம்மதிக்க வைக்கவில்லை. அதைச் செய்தது மைத்துனரின் தாயாரான என் அத்தை. "அறுபடை வீடு போனப்ப வேனுக்குள்ளயே தூங்கி வேனுக்குள்ளயே முழிச்சமுங்க மாப்ள. எந்தக் கோயல்ல எதப் பாத்தமுன்னு இன்னைக்குக் கேட்டா நெனவில்லீங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் பட்டியலில் முதல் கோடு விழுந்தது. பிரஸ்ஸல்சும் ஆம்ஸ்டர்டாமும் அன்றே போயின. மிலான் ரயில் மாறும் ஊராக மட்டும் நின்றது. வெனிஸ் போக இன்னும் ஒரு வாரம் பிடித்தது.

இரவுக் கணக்கு

இரண்டாம் வரைவில் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன்: ரோம் நான்கு, லூசர்ன் நான்கு, பாரிஸ் நான்கு. பார்ப்பதற்குச் சமமாக இருந்தது. ஆனால் சமமாகப் பங்கிடுவது சமநிலை ஆகாது. ரோமில் நான்கு இரவு போதாமல் போகலாம். லூசர்னில் நான்காம் நாள் செலவுதான் மிஞ்சும். ஊரின் பெயருக்கு இத்தனை இரவு என்று வைக்காமல், அந்த ஊர் உடம்பிடமிருந்து என்ன கேட்கிறது என்று பார்த்தே இரவுகளை ஒதுக்க வேண்டும் என்பதை அதன் பிறகே உணர்ந்தேன். ரோமும் பாரிசும் நடக்க வைக்கும் ஊர்கள். லூசர்ன் உட்கார வைக்கும் ஊர்: ஏரியில் படகு உண்டு, மலைக்கு ரயில் உண்டு. களைப்பு முதல் நாளில் தெரியாது; ஆறாம் நாள், ஏழாம் நாள்தான் முகத்தில் தெரியும் என்பது என் அனுபவம். ஆகவே உட்கார வைக்கும் ஊர் அந்த இடத்தில் வர வேண்டும்.

இறுதி வரைவு இப்படி அமைந்தது: ரோம் நான்கு இரவு, ஃபுளோரன்ஸ் இரண்டு, லூசர்ன் மூன்று, பாரிஸ் மூன்று. மாற்றங்கள் மூன்று மட்டும். ரோமில் இறங்கிப் பாரிசில் விமானம் ஏறுவது என்று டிக்கெட் எடுத்தோம். ரோமுக்கே திரும்பி வந்து விமானம் ஏறும் டிக்கெட் சற்று மலிவாகத் தெரிந்தாலும், பாரிசிலிருந்து ரோமுக்கு வரும் செலவையும் ஒரு முழு நாளையும் கூட்டினால் அந்த மலிவு காணாமல் போனது. கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் விமானங்கள் இருந்தபோதிலும், போக்குவரத்து முழுவதும் ஒரே டிக்கெட்டில் அமைய வேண்டும் என்பதற்காகக் கொச்சியிலிருந்து துபாய் வழியாகப் போவது என்று முடிவாயிற்று. ஒரே டிக்கெட்டாக இருந்தால் இடையில் விமானம் தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் அந்தப் பொறுப்பு நம்முடையது.

இரவுக் கணக்கு விசாவையும் தீர்மானிக்கிறது என்பதைப் பலர் கடைசியில்தான் அறிகிறார்கள். ஷெங்கன் விசா ஒன்றே எல்லா உறுப்பு நாடுகளுக்கும் செல்லும் என்றாலும், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். இறுதி வரைவில் இத்தாலிக்கு ஆறு இரவு, மற்ற இரண்டுக்கும் மும்மூன்று என்பதால் இத்தாலி என்பதில் ஐயமே எழவில்லை. விசா கேட்ட பிறகு இரவுகளை மாற்றினால் இந்தக் கணக்குக் கலைந்துவிடும் என்பதால், விண்ணப்பத்துக்கு முன்பே திட்டம் உறுதியாகிவிட வேண்டும்.

கிழமைக் கணக்கு

இந்தத் திட்டத்தில் மிகப் பெரிய பிழையைக் கண்டுபிடித்தவர் மகள்தான். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலையின் முகவரி அச்சிட்ட மாதக் காலண்டரைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஒவ்வொரு தேதிக்கும் கீழே பென்சிலால் ஊர் பெயரை எழுதிக்கொண்டிருந்தோம். அப்போது புறப்படும் நாள் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. அதன்படி பாரிஸ் இரவுகள் ஏப்ரல் 29, 30, மே 1 என்று விழுந்தன. "மாமா, லூவ்ர் மியூசியம் செவ்வாய்க்கிழமை லீவுங்க" என்றாள். ஏப்ரல் 30 செவ்வாய். சரி, புதன்கிழமை போகலாம் என்றேன். புதன்கிழமை மே 1. அன்று தொழிலாளர் நாள் என்று லூவ்ரும் மூடியிருக்கும், வெர்சாய் அரண்மனையும் மூடியிருக்கும். பாரிசில் கிடைத்த இரண்டு முழு நாளிலும் மோனலிசாவைப் பார்க்க வழியில்லை. இரண்டு வரைவு போட்ட எனக்கு இது தெரியவில்லை, ஏனெனில் எந்த வரைவிலும் நான் தேதி எழுதினேனே தவிர, கிழமை எழுதவில்லை.

முழுத் திட்டத்தையும் இரண்டு நாள் தள்ளினோம். புறப்பாடு ஏப்ரல் 21, ஞாயிறு. இப்போது மே 1, லூசர்னிலிருந்து பாரிசுக்கு ரயிலில் போகும் நாளாக மாறியது. எல்லாம் மூடியிருக்கும் நாளைப் பயண நாளாக ஆக்கிக்கொண்டால் இழப்பே இல்லை. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். ரோமில் நாங்கள் வைத்திருந்ததோ திங்கள் முதல் வெள்ளி. உஃபிஸி ஓவியக்கூடம் திங்களன்று மூடும். ஃபுளோரன்சில் முழு நாள் சனிக்கிழமை. ரோம் நாள்களுக்குள் ஏப்ரல் 25 இத்தாலியின் விடுதலை நாளாக வந்தது. அன்று அரசு அருங்காட்சியகங்களுக்கும் தொல்லிடங்களுக்கும் அனுமதி இலவசம், ஆகவே கூட்டம் தாங்காது என்பதால், கொலோசியத்தை 23ஆம் தேதிக்கு மாற்றி, 25ஐ வேலையில்லாத நாளாக விட்டோம்.

வெள்ளியானாலும் ஞாயிறானாலும் மேற்கே சூலம் என்பதையும், கொச்சி மேற்கே இருக்கிறது என்பதையும் அத்தை சுட்டிக்காட்டினார். பரிகாரம் வெல்லம் என்று காலண்டரிலேயே போட்டிருந்ததால் அதற்குமேல் பேச்சு வளரவில்லை.

விசாவும் பெயரும்

ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குள் முடிவு சொல்வார்கள் என்பது விதியாக இருந்தாலும் அது நாற்பத்தைந்து நாள் வரை நீளலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், விடுதி முன்பதிவு ஆகியவை வேண்டும். கைரேகை பதிவதற்காக நால்வரும் பிப்ரவரியில் சென்னை சென்றார்கள். கட்டணம் அப்போது ஆளுக்கு 80 யூரோ. அதே ஆண்டு ஜூனில் அது 90 ஆயிற்று. விடுதிகள் எல்லாவற்றையும், பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடிய வகையிலேயே பதிவு செய்திருந்தோம்.

சிக்கல் எழுந்தது பெயரில். தமிழர்களுக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. மைத்துனரின் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தது. அத்தையின் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருந்தது. அத்தைக்கு நீண்ட விமானப் பயணம் கடினமாக இருக்கும் என்று துபாயில் ஓர் இரவு தங்கவைக்கும் எண்ணம் எனக்கு இருந்தது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு விதித்து, தந்தை பெயரோ குடும்பப் பெயரோ அடுத்த பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தியது. தளர்த்திய விதியை நம்பி அறுபத்தெட்டு வயதானவரை வரிசையில் நிறுத்திப் பார்க்க எனக்குத் துணிவில்லை; விமான நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்வது என்று விட்டோம். கொலோசியத்துக்கான டிக்கெட்டும் பெயர் பொறித்துத்தான் வருகிறது, முப்பது நாள் முன்புதான் விற்பனை திறக்கிறது. ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் அதிலும் ஏற்ற வேண்டியிருந்தது.

நடந்தது

நாளை இரண்டு நாள் தள்ளியதற்கு நாங்கள் எதிர்பாராத பலன்கள் கிடைத்தன. மக்களவைத் தேர்தலுக்கான வாக்குப்பதிவு தமிழகத்தில் ஏப்ரல் 19 என்று மார்ச் நடுவில் அறிவித்தார்கள். நால்வரில் வாக்குரிமை உள்ள மூவரும் வாக்களித்துவிட்டே புறப்பட்டார்கள். ஏப்ரல் 16ஆம் தேதி துபாயில் பெய்த வரலாறு காணாத மழையில் விமான நிலையம் நிலைகுலைந்தது. பழைய திட்டப்படி போயிருந்தால் அந்தக் குழப்பத்தின் நடுவில் சிக்கியிருப்பார்கள். இதைத் திட்டமிட்ட திறமை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. 22ஆம் தேதியிலும் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகவே போனது. ஆனால் ரோமில் முதல் நாள் மாலைக்கு எதையும் வைக்காமல் விட்டிருந்ததால், அந்தத் தாமதம் எதையும் கெடுக்கவில்லை. ரோம் விமான நிலையத்திலிருந்து நகருக்கு விரைவு ரயிலில் ஆளுக்கு 14 யூரோ, நால்வருக்கு 56. நகராட்சி நிர்ணயித்த டாக்ஸிக் கட்டணமும் ஏறக்குறைய அதே அளவு என்பதால் விடுதி வாசலிலேயே இறங்கினார்கள்.

இந்திய நேரத்துக்கு இத்தாலி கோடையில் மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. காங்கயத்தில் ஐந்து மணிக்கு எழும் அத்தை, ரோமில் அதிகாலை ஒன்றரை மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதைத் திட்டத்தில் பயன்படுத்திக்கொண்டோம்: எல்லா முன்பதிவும் காலை முதல் வேளைக்கே, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை அறை, சூரியன் எட்டு மணிக்குத்தான் மறைகிறது என்பதால் ஐந்துக்குப் பிறகு மறுபடியும் ஒரு நடை. வத்திக்கானில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதியால் பலர் வாசலில் சால்வை தேடிக்கொண்டிருக்க, புடவையில் போன அத்தைக்கு எந்தத் தடையும் இல்லை. பேராலயக் கோபுரத்துக்கு 551 படி. மின்தூக்கியில் போனாலும் 320 படி மிஞ்சும். அத்தை கீழே அமர்ந்துகொள்ள, மற்ற மூவரும் ஏறினார்கள். நோட்டில் அன்றைய பதிவு: "ஆத்தா ஒரு மணி நேரம் தனியா உக்காந்திருந்துச்சு. போர் அடிக்கலையாம். 4.20க்கு ரூம்."

ஃபுளோரன்சிலிருந்து லூசர்ன் போன நாள்தான் திட்டத்தின் பலவீனமான நாள், அந்தப் பிழை முழுவதும் என்னுடையது. மிலானில் ரயில் மாறி, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து போவது சுமார் ஆறு மணி நேரப் பயணம். அத்தைக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதற்காக லூசர்னில் சமையலறையுள்ள வீடு எடுத்திருந்தேன். அரிசிம்பருப்புச் சாதத்துக்கு அரிசியும் பருப்பும் பெட்டியில் போயின. பால் பொருள்களைப் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை என்பதால் ஊத்துக்குளி நெய் மட்டும் வீட்டிலேயே நின்றது. அங்கே போய் வெண்ணெய், பால், காய் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. சுவிட்சர்லாந்தில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் போன்ற சில மட்டுமே விதிவிலக்கு. அருங்காட்சியகங்களுக்கெல்லாம் கிழமை பார்த்த நான், மளிகைக் கடைக்குப் பார்க்கவில்லை. நிலையத்தைவிட்டு வந்து, வீட்டில் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, மைத்துனர் மறுபடியும் நிலையத்துக்கே நடந்து போனார். தொலைபேசியில் அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

லூசர்னில் மலைக்கு யுங்ஃப்ராயோக் போவதா, ரிகி போவதா என்பது முன்பே பேசித் தீர்த்த விவாதம். 3,454 மீட்டர் உயரத்துக்கு, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவரை ஒரே காலையில் கூட்டிப்போக எனக்கு விருப்பமில்லை. ரிகி உச்சி 1,798 மீட்டர், உதகையைவிடத் தாழ்வு. 1871இல் தொடங்கிய அதன் பல்சக்கர ரயில், அந்த வகையில் ஐரோப்பாவின் முதல் மலை ரயில். படகும் அந்த ரயிலும் ஸ்விஸ் டிராவல் பாஸிலேயே அடக்கம். பதினாறு வயது நிரம்பாத பிள்ளை பெற்றோருடன் இலவசம். தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்பைப் பார்த்ததும், "இது நம்ம மேட்டுப்பாளையம் ரயிலுதானுங்க" என்று அத்தை சொன்னாராம். தவறில்லை. இந்தியாவில் பல்சக்கரத் தடம் உள்ள ஒரே ரயில் பாதை அதுதான். அதில் ஓடிய பழைய எக்ஸ் வகை நீராவி என்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் கட்டப்பட்டவை. பனியில் நின்று எடுத்த ஒரு படத்தைத் தவிர, பயணத்தில் அத்தை தாமாகக் கேட்டு எடுத்துக்கொண்ட படம் அந்த ரயில்தான்.

பாரிஸ் விரைவில் முடிந்தது. பாசெல் வழியாக நான்கு மணி நேர ரயில். மே 2 லூவ்ர், மே 3 ஈஃபிள் கோபுரமும் ஆற்றில் படகும். நாத்ரு-தாம் பேராலயம் 2019 தீ விபத்துக்குப் பிறகு அப்போதும் மூடியிருந்ததால் வெளியிலிருந்து பார்த்தார்கள். மே 4 விமானம்.

மறுபார்வை

திரும்பி வந்த வாரத்தில், அதே சாப்பாட்டு மேசையில், நோட்டை வைத்துக்கொண்டு நால்வரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: மறுபடியும் இதே பன்னிரண்டு இரவு கிடைத்தால் எதை மாற்றுவீர்கள்? மைத்துனர் ஃபுளோரன்சை எடுத்துவிட்டு ரோமிலிருந்து நேராக மிலான் வழியே போய், அந்த இரண்டு இரவில் ஒன்றை லூசர்னுக்கும் ஒன்றைப் பாரிசுக்கும் கொடுக்கச் சொன்னார். அவர் மனைவி அதை ஏற்கவில்லை. ஃபுளோரன்சில் மட்டும்தான் யாரும் அவசரப்படுத்தாமல் ஒரு கடைத்தெருவில் நடக்க முடிந்தது என்றார். நோட்டைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. அந்த இரண்டு நாளிலும் நேரக் குறிப்பே இல்லை. மைத்துனர் சொன்ன மாற்றத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. இரவுகள் நான்கு, நான்கு, நான்கு என்று சமமாகி, விசாக் கணக்கு மறுபடியும் முதல் நுழைவுக்குப் போகும். அதிலும் இத்தாலிதான் வருகிறது என்பதால் பாதகமில்லை என்றாலும், நான் ஒதுக்கிவைத்த இரண்டாம் வரைவுக்கே சுற்றி வந்து சேர்ந்திருந்தோம்.

அத்தைக்கு மாற்ற எதுவும் இல்லை; நெய் கொண்டுபோகக் கூடாது என்ற விதியைத் தவிர. மகள் மட்டும் பென்சிலை எடுத்து, காலண்டரில் ஏப்ரல் 25ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வேலையில்லாமல் விட்ட அந்த ரோம் நாளில் மூன்று பேரும் பிற்பகல் முழுவதும் தூங்கியிருந்தார்கள். "அன்னிக்குக் காலையில மொத ரயிலுக்குப் போயிருந்தா, ராத்திரிக்குள்ள வெனிசைப் பாத்துட்டு வந்திருக்கலாமுங்க மாமா" என்றாள். ரோமிலிருந்து வெனிசுக்கு அதிவேக ரயிலில் போக ஏறக்குறைய நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதையும் நோட்டில் கூட்டி வைத்திருந்தாள்.